வண்டி கேள்வி-பதில்: ரேஸ் ஏறுது, வேகம் ஏறலை... ஆட்டோமேட்டிக் கியர் வழுக்கினால் முதலில் பார்க்க வேண்டியவை

‘‘பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டி வருகிறேன். தோட்டத்துக் கீரை, காய்கறிகளை ஏற்றிக்கொண்டு மீஞ்சூரிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர் வழியாக ராயபுரம் வரை வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். ஒரு மாதமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம்தான் கூடுகிறது. வண்டி இழுக்கவில்லை. ‘கியர் பாக்ஸ் போச்சு, மொத்தமா இறக்கிப் பிரிக்கணும்’ என்கிறார் மெக்கானிக். வேறு வழி இல்லையா?’’
- வாசகர், மீஞ்சூர்.

வழி இருக்கலாம். ஆனால், அதற்கு முதலில் நீங்கள் செய்ய வேண்டியது, வண்டியை ஓட்டுவதை நிறுத்துவதுதான். வழுக்கும் கியர் பாக்ஸை ஒவ்வொரு நாளும் ஓட்டினால், சின்ன செலவில் முடிய வேண்டியது பெரிய செலவாகிவிடும். இரண்டாவது, பாக்ஸை இறக்குவதற்கு முன்பு பார்க்க வேண்டிய சோதனைகள் ஐந்து, ஆறு இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ‘இறக்கணும்’ என்று சொல்வது, ரத்தம்கூடப் பார்க்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது போல.

இது உண்மையிலேயே வழுக்கல்தானா?

வண்டி இழுக்கவில்லை என்றாலே கியர் வழுக்குகிறது என்று அர்த்தம் இல்லை. மீட்டரில் இரண்டு முள்ளையும் பாருங்கள். ஆர்.பி.எம். முள் விறுவிறுவென ஏறி, வேக முள் அப்படியே நின்றால் அது வழுக்கல். இரண்டு முள்ளுமே ஏறாமல் வண்டி மந்தமாக இருந்தால், கோளாறு இன்ஜின் பக்கம் இருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைப்பு, பிளக், சைலன்சர் அடைப்பு, பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பது போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மின்சார இணைப்பில் கோளாறு வந்தால், கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும். பெரும்பாலும் அது 2-வது அல்லது 3-வது கியராக இருக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி திணறும். கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு ஓடும். இதை வழுக்கல் என்று நினைத்துப் பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு. எண்ணூர், திருவொற்றியூர் போன்ற உப்புக் காற்று ஊர்களில் பேட்டரி டெர்மினலில் பச்சைப் பூத்திருப்பதும், எர்த் ஒயர் துருப்பிடித்திருப்பதும் சாதாரணம். முதலில் அதைச் சுத்தம் செய்து பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

உங்கள் வண்டி எந்த வகை?

‘ஆட்டோமேட்டிக்’ என்பது ஒரே பொருள் அல்ல. கியர் லீவரில் ‘பி’ என்ற பார்க்கிங் நிலை இல்லாமல் ‘என்’, ‘ஆர்’, ‘டி’ மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் ஏ.எம்.டி. வகை. இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோ மூலம் பரவலான வகை இது. உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸும் சாதாரண கிளட்ச் பிளேட்டும்தான். காலுக்குப் பதிலாக மோட்டார் கிளட்சை மிதிக்கிறது. இதில் வழுக்கினால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்மானம்தான்; மாற்றினால் சரியாகும்.

‘சி.வி.டி.’ வகையில் பல்சக்கர கியர்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் நடுவே ஓர் இரும்பு பெல்ட்டும் இருக்கும். பெல்ட் வழுக்கினால் கப்பியில் கோடு விழும். விழுந்த கோட்டை அழிக்க முடியாது. அதனால் இந்த வகையில் தாமதமே கூடாது.

பழைய கார்களில் அதிகம் இருப்பது ‘டார்க் கன்வெர்ட்டர்’ வகை. ராயபுரம் பக்கம் துறைமுகத்துக்குள் கன்டெய்னரைத் தூக்கிப் போகும் ரீச் ஸ்டேக்கர், டீசல் ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்றும். அது ஆயிலை வீசும். அந்த ஆயில் எதிரே இருக்கும் இன்னொரு விசிறியைச் சுற்றும். அங்கிருந்து சக்தி கியர்களுக்குப் போகும். எந்தக் கியர் வேலை செய்ய வேண்டுமோ, அதற்கான கிளட்ச் தட்டுகளை ஆயில் அழுத்தம்தான் இறுக்கிப் பிடிக்கிறது. அந்தத் தட்டுகளின் மேல் காகித நாரால் ஆன ஒரு பூச்சு பசையால் ஒட்டப்பட்டிருக்கும்.

ஆக, இந்தப் பெட்டியில் ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது, அதுவே தட்டுகளை அழுத்துகிறது, உள்ளே குளிர்விப்பதும் அதுதான். ஆயில் அழுத்தம் குறைந்தால் தட்டுகள் இறுகாமல் உரசும். உரசினால் சூடு. சூடானால் பூச்சு கருகும். கருகிய தூள் ஃபில்டரையும் வால்வுகளையும் அடைக்கும். அடைத்தால் அழுத்தம் இன்னும் குறையும். வழுக்கும் வண்டியை ஓட்டக் கூடாது என்பது இதனால்தான்.

பாக்ஸை இறக்கும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. ஆயில் அளவு: டிப்ஸ்டிக் உள்ள வண்டி என்றால் நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சுமார் 15 நிமிடம் ஓடிச் சூடான வண்டியில் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி ‘பி’-யில் வைத்து அளக்க வேண்டும். ஹோண்டாவின் பழைய மாடல்கள் பலவற்றில் இன்ஜினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். முறை மாறினால் அளவும் தப்பாகக் காட்டும். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும்.

இன்ஜின் ஆயில் போல கியர் பாக்ஸ் ஆயில் எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றிவிட்டு அப்படியே போகாமல், கசிவைத் தேட வேண்டும். ஆக்ஸில் சீல், பான் கேஸ்கெட், கூலருக்குப் போகும் பைப் ஆகிய மூன்றும் முக்கியமான இடங்கள். கடலோர வண்டிகளில் இரும்பு பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தப்பு. ஆயில் நுரைத்து, அழுத்தம் குறைந்து, அதுவே வழுக்கலை உண்டாக்கும்.

2. நிறமும் வாசனையும்: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். இந்த ஆயில்களில் பல, புதிதாக இருக்கும்போது சிவப்பாக இருக்கும். சி.வி.டி. ஆயில் பச்சையாகவும் இருக்கலாம். பழுப்பு என்றால் பழசாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாசனை அடித்தால் தட்டுகள் கருகத் தொடங்கிவிட்டன. ரோஸ்மில்க் மாதிரி கலங்கி இருந்தால் தண்ணீர் அல்லது கூலன்ட் கலந்துவிட்டது. பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே விரிசல் விட்டால் இரண்டும் கலக்கும். அப்போது இன்ஜினை ஸ்டார்ட்கூடச் செய்யக் கூடாது.

3. எப்போது வழுக்குகிறது: மெக்கானிக்கிடம் போகும் முன் இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

- எல்லாக் கியரிலும் வழுக்கினால்: ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, பம்ப் தேய்மானம், டார்க் கன்வெர்ட்டர் ஆகியவற்றில் ஒன்று.
- ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால்: அந்தக் கியருக்கான கிளட்ச் அல்லது அதற்கு ஆயில் அனுப்பும் சோலனாய்டு வால்வு.
- காலையில் சரியாக ஓடி, சூடான பிறகு வழுக்கினால்: ஆயில் நீர்த்துவிட்டது, அல்லது பம்பும் சீல்களும் தேய்ந்துவிட்டன.
- காலையில் ‘டி’ போட்டதும் சில விநாடி கழித்துக் கிளம்பி, சூடானதும் சரியானால்: ஆயில் குறைவு, அல்லது ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன.

4. ஸ்கேனர்: 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பல மாடல்களில் கியர் பாக்ஸுக்குக் கம்ப்யூட்டர் உண்டு. ஸ்கேனர் போட்டால் கோட் காட்டும். பி 0730 என்றால் கியர் விகிதம் தப்பாக இருக்கிறது, அதாவது வழுக்குகிறது. பி 0740 வரிசை டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் பற்றியது. பி 0750 முதலான எண்கள் சோலனாய்டு பற்றியவை. சோலனாய்டையும் வால்வு பாடியையும் பல வண்டிகளில் பாக்ஸை இறக்காமல், கீழே பானை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். ‘கோட் என்ன வந்தது?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

5. பானைக் கழற்றிப் பார்ப்பது: பானில் இருக்கும் காந்தத்தில் மை போல மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயம் இல்லை, அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துணுக்குகளோ, கறுப்பாக உதிர்ந்த பூச்சுத் தூளோ கிடந்தால் உள்ளே சேதம் நடந்துவிட்டது. அப்போது பாக்ஸை இறக்குவது சரியான முடிவு.

6. அழுத்த அளவு: இதற்கான மீட்டரைப் பாக்ஸில் இருக்கும் துளையில் பொருத்தி, ஆயில் அழுத்தத்தை அளக்கலாம். பம்ப் நல்லதா, கெட்டதா என்று இதிலேயே தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘டி’-யில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. அது 5 விநாடிக்கு மேல் நீடித்தால் ஆயில் கொதித்துப் பாக்ஸ் கெடும், வண்டியும் பாயும். வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

அளவு குறைவு, பழைய ஆயில், ஃபில்டர், சோலனாய்டு, ஒயரிங் என்று இவற்றில் ஏதாவது ஒன்றில் கோளாறு பிடிபட்டு, ஆயிலில் தீய்ந்த வாசனையும் இல்லை என்றால், உங்கள் பாக்ஸ் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் வழித்தடம் பற்றியும் ஒன்று. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, வெயிலில், சுமையோடு, ஏ.சி. போட்டுக்கொண்டு நின்று நின்று நகர்வது ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு மிகக் கடினமான வேலை. காற்றோட்டம் இல்லாததால் ஆயில் சூடு ஏறும். ஆயில் வழக்கமான சூட்டைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் ‘என்’-ல் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ‘என்’-ல் போடக் கூடாது. கையேட்டில் ‘கடின ஓட்டம்’ என்று தனியாக ஓர் ஆயில் கணக்கு இருக்கும். உங்களுக்குப் பொருந்துவது அதுதான்.

‘‘ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஆட்டோமேட்டிக் காரில் ஆயிலை மாற்றினால் கியர் பாக்ஸ் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?’’
- வாசகி, பொன்னேரி.

ஆயில் மாற்றியதால் பாக்ஸ் நிற்பதில்லை. நிற்கப் போகும் நிலையில்தான் பலர் ஆயிலை மாற்றுகிறார்கள். பழி ஆயில் மேல் விழுகிறது. தட்டுகள் ஏற்கெனவே கருகிவிட்டால் புது ஆயில் அவற்றை வளர வைக்காது. வழுக்கல் இல்லாமல் நன்றாக ஓடும் வண்டியில் ஆயில் மாற்றப் பயப்பட வேண்டாம்.

மாற்றும் முறையில் கவனம் தேவை. மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவித் தள்ளினால், மூலையில் படிந்த அழுக்கு பெயர்ந்து வால்வுகளில் சிக்கலாம். பழைய வண்டிக்கு அது வேண்டாம். அடைப்பானைத் திறந்து வடித்து, வடிந்த அளவுக்கே ஊற்றுங்கள். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் வடியாது என்பதால், ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் மாறும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றுங்கள். இப்படி இரண்டு, மூன்று தடவையில் பெரும்பகுதி புதிதாகிவிடும்.

எந்த ஆயில் என்பது அதைவிட முக்கியம். ‘எல்லாம் சிவப்பு ஆயில்தானே’ என்று கிடைப்பதை ஊற்றினால் பாக்ஸ் கெடும். ஹூண்டாயின் பழைய 4 கியர் பாக்ஸ்களுக்கு எஸ்.பி.-3, ஹோண்டாவுக்கு முன்பு இசட்-1, பிறகு டி.டபிள்யூ.-1, டொயோட்டாவின் பல மாடல்களுக்கு டி-4 என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தரம் இருக்கிறது. சி.வி.டி. ஆயில் முற்றிலும் வேறு. ஆயிலில் கலக்கும் உராய்வுப் பொருள்தான், தட்டுகள் எவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை அதற்காகத் திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள். திமிங்கலப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு, கியர் பாக்ஸ் பழுதுகள் பெருகின. சரியான மாற்றுப் பொருளைக் கண்டுபிடிக்கும் வரை அந்தத் தொல்லை தீரவில்லை. நம் மணலியில்கூட சுத்திகரிப்பு ஆலையில் மூல எண்ணெய் ஒரு பக்கமும், அதில் கலக்கும் வேதிப்பொருள்கள் வேறொரு தொழிற்சாலையிலும் தயாராகின்றன. ஆயில் என்பது வெறும் எண்ணெய் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

‘வழுக்கலை நிறுத்தும்’ என்று சின்னப் பாட்டிலில் விற்கும் கலவைகள், இறுகிய ரப்பர் சீலைக் கொஞ்ச நாளைக்கு உப்ப வைக்கும். கருகிய தட்டை அவை சரிசெய்யாது. அந்தக் காசுக்கு ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம்.

‘‘2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜினைச் சரி செய்து ஓட்டினேன். இப்போது கியர் வழுக்குகிறது. சம்பந்தம் இருக்குமா?’’
- வாசகர், திருவொற்றியூர்.

இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கியர் பாக்ஸின் மேல் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். வெள்ளம் அதைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே போய்விடும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் போகலாம். கிளட்ச் தட்டின் காகிதப் பூச்சு ஆயிலைவிடத் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். பசை இளகி, பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயரும். வெள்ளம் வடிந்து பல மாதங்கள் கழித்து வழுக்கல் தெரிவது இதனால்தான். அப்போது இன்ஜின் ஆயிலை மாற்றிய பலர், கியர் பாக்ஸ் ஆயிலை மறந்துவிட்டார்கள்.

ஆயிலை எடுத்துப் பாருங்கள். கலங்கி இருந்தாலோ, பானில் துரு இருந்தாலோ, ஆயில் மாற்றுவது மட்டும் போதாது. பாக்ஸைப் பிரித்து தட்டுகள், சீல்கள் முழு செட்டும் மாற்ற வேண்டிவரும்.

இனி மழைக்காலத்தில் கார் மூழ்கினால் சாவியைத் திருப்பாதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீட்டில் அடங்காது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து கெடுத்தால், அந்தச் சேதத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். வண்டியை இழுத்துப் போக வேண்டுமென்றால், நான்கு சக்கரமும் மேலே ஏறும் வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜின் ஓடாமல் பம்பும் ஓடாது. இயங்கும் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே ஆயில் இல்லாமல் தேயும்.

‘‘பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்கிப் போடலாமா, பிரித்து ரிப்பேர் செய்யலாமா?’’
- வாசகர், சோழவரம்.

வண்டியின் மதிப்பை முதலில் கணக்குப் போடுங்கள். ரிப்பேர் செலவு, வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

பழைய பாக்ஸ் வாங்கினால் மாடல் பெயர் மட்டும் பார்க்காதீர்கள். பாக்ஸ் மேல் அடித்திருக்கும் எண்ணும் உங்களுடையதும் ஒத்துப்போக வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை ஒரு சொட்டு எடுத்து நிறமும் வாசனையும் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாக்ஸாகவும் இருக்கலாம். பில்லும், ஓட்டிப் பார்க்கச் சில நாள் அவகாசமும் எழுத்தில் வாங்குங்கள்.

பிரித்து ரிப்பேர் செய்தால், பட்டறையில் ஐந்து விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒன்று, கழற்றிய தட்டுகளைக் கண்ணில் காட்ட வேண்டும். இரண்டு, ரப்பர் சீல்கள் முழு செட்டாக மாற வேண்டும். மூன்று, டார்க் கன்வெர்ட்டரையும் சரிபார்க்க வேண்டும். நான்கு, கூலரையும் பைப்புகளையும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பழைய தூள் புது பாக்ஸுக்குள் போய் அதையும் கெடுக்கும். ஐந்து, வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பழைய பதிவுகளை அழித்து, கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரிப்பேர் முடிந்த வண்டிகள் சில நாளில் திரும்பி வருவதற்கு, விட்டுப்போன நான்காவதும் ஐந்தாவதும்தான் பெரும்பாலும் காரணம்.

‘‘டிராக்டரில் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. இதுவும் அதே கோளாறா?’’
- வாசகர், கும்மிடிப்பூண்டி.

அறிகுறி ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. உங்கள் டிராக்டரில் இருப்பது காலால் மிதிக்கும் உலர் கிளட்ச். முதலில் பெடலின் தளர்வைப் பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தினால், இறுகுவதற்கு முன் சும்மா கொஞ்சம் இறங்க வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். தளர்வே இல்லை என்றால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையில் இருக்கிறது. லிங்க் ராடில் நட்டைத் திருகிச் சரிசெய்தால் பல நேரம் வழுக்கல் நின்றுவிடும்.

அதற்குப் பிறகும் வழுக்கினால், கிளட்ச் ஹவுஸிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால், இன்ஜின் பின்பக்க ஆயில் சீலோ, கியர் பக்க சீலோ போய் பிளேட் நனைந்திருக்கும். பிளேட்டை மட்டும் மாற்றினால் புது பிளேட்டும் நனையும். சீலையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் சரி என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. புதிய பிளேட் போட்ட பிறகு, உழும்போது கிளட்ச் பெடல் மேல் காலை வைத்து ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சேற்று உழவில் பிளேட் சீக்கிரம் தேய முக்கியக் காரணம் அதுதான்.

(வண்டி பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள், மாடல், ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், கோளாறு சூட்டில் வருகிறதா, குளிரில் வருகிறதா என்ற விவரங்களையும் சேர்த்து எழுதினால், பதில் துல்லியமாக இருக்கும்.)